எங்கள் வீட்டில் பசு இல்லை

உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே தரம் ஆறு பிள்ளைகளுக்கென்று சொந்தமாக ஒரு வலைப்பூ இருந்தது. பிள்ளைகள் இணையத்தில் எழுதுவார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதை வாசிக்கலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் அதற்குத்தான். காய்ச்சல் அடித்தாலும் அந்த வகுப்புத் தனுசியா வெள்ளிக்கிழமை லீவு எடுக்க மாட்டாள் என்றால் பாருங்களேன்!

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தது வினை.

அதிபர் தேவராஜா சேர் கணினி அறைக்குள் வந்தார். கொஞ்சம் நொண்டி நொண்டி வந்தார். ஏன் நொண்டுகிறார் என்று கேட்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அந்த மீசையைப் பார்த்தால் யாருக்கு வாய் வரும்?

“நிரோஜா ரீச்சர், உங்கடை பிள்ளையள் எழுதினதெல்லாம் வாசிச்சனான்,” என்றார் அதிபர். “எல்லாற்றை வீட்டிலையும் பசு நிக்குது. நல்லது. எல்லாப் பசுவுக்கும் பேர் இலட்சுமி. அதுவும் நல்லது. எல்லா இலட்சுமியும் பால் பாலாய்ச் சொரியுதாம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஊரிலை இவ்வளவு பால் இருக்க, எங்கடை கன்ரீனிலை ஏன் இன்னும் பாலில்லாத பிளேன்ரீ தாறாங்கள்?”

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விஷயம் இதுதான். வகுப்பில் எல்லோரும் ஒரே ரியூசனுக்குப் போனவர்கள். தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ‘எங்கள் வீட்டுப் பசு’ என்ற கட்டுரையை அங்கே பாடமாக்கி வைத்திருந்தார்கள். “வலைப்பூவிலை எழுதுங்கோ” என்று ரீச்சர் சொன்னதும் கைகள் தாமாகவே பசுவை எழுதிவிட்டன. ஜொனதன் வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது. அவனும் இலட்சுமிக்குப் புல்லுப் போட்டிருந்தான்! ஏன், தனுசியாவும்தான்.

“அடுத்த வெள்ளி திரும்ப வருவன்,” என்றார் அதிபர். “அப்பவும் இந்தப் பசுதான் மேய்ஞ்சுகொண்டு நிண்டால், இந்தப் பாடத்தைக் கணக்குக்குக் குடுத்திடுவன்.”

கணக்கா? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்திலா? தனுசியா திரும்பி ரீச்சரைப் பார்த்தாள். எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ரீச்சர் வாடிப்போய் நின்றார். அதிபரிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த வலைப்பூவைத் தொடங்கியவர் அவர்தானே. அதைப் பார்த்ததும் தனுசியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளி விட்டதும் தனுசியா, கீர்த்திகன், ஜொனதன், மயூரதன் நால்வரும் சைக்கிளில் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

“என்னடா எழுதப் போறியள்?” என்று கேட்டாள் தனுசியா.

“எழுதிற மாதிரி எங்கடை வீட்டிலை ஒண்டும் நடக்கிறேல்லை,” என்றான் கீர்த்திகன்.

“சரி, நேற்று ஏன் நீ பள்ளிக்கூடம் வரேல்லை?”

“அதையேன் கேக்கிறாய்! பக்கத்து வீட்டிலை கலியாணம். வாசலிலை வாழைமரம் கட்டினவை. எங்கடை ஆடு கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிப்போய் இலை முழுக்கத் திண்டிட்டுது. மாப்பிள்ளை வந்து இறங்கேக்கை வாசலிலை ரெண்டு மொட்டைத் தண்டு! பிடிக்கப் போனன். அது மாப்பிள்ளையின்ரை மாலையிலையும் ஒரு வாய் வைச்சிட்டுது!”

ஜொனதன் சிரித்த சிரிப்பில் சைக்கிளோடு வேலிக்குள் போய் விழுந்தான். தனுசியா சடாரென்று பிரேக் பிடித்தாள்.

“இந்தக் கதையைத்தான் எழுது!”

“இதையோ?” கீர்த்திகன் தலையைச் சொறிந்தான். “நீ கேட்டாய், சொன்னன். வெறும் திரையைப் பாத்தால் எனக்கு ஒண்டும் வருகுதில்லையே.”

நீ கேட்டாய், சொன்னன். வீடு போய்ச் சேரும்வரை தனுசியாவின் காதில் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது. அடடே, அவ்வளவுதானா! யாராவது கேட்டால் போதுமே!

அன்று பின்னேரம் அம்மாவின் போனை வாங்கினாள். மற்றவர்களைக் கேட்பதற்கு முன்னால் தான் எழுத வேண்டும் அல்லவா? எழுதினாள்:

“எங்கள் வீட்டில் பசு இல்லை. நான் முதலில் எழுதியது ரியூசன் பசு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு சேவல். அது விடியக் கூவாது. நான் கணக்குச் செய்யத் தொடங்கினால்தான் கூவும். கொப்பியை மூடினால் நிறுத்திவிடும். என்னைப் போலவே அதற்கும் கணக்குப் பிடிக்காது.”

அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனாள். பொய்ப் பசு எழுதியதை ஊருக்கே சொல்லிவிட்டாளே! எல்லோரும் பகிடி பண்ணினால்? பண்ணினால் பண்ணட்டும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

பிறகு ஒவ்வொருவருடைய பசுவின் கீழும் பின்னூட்டப் பெட்டியில் ஒவ்வொரு கேள்வி போட்டாள்.

கீர்த்திகனின் பசுவுக்குக் கீழே: “கலியாண வீட்டில் ஆடு அகப்பட்டதா? மாப்பிள்ளை என்ன சொன்னார்?”

ஜொனதனின் பசுவுக்குக் கீழே: “கிறிஸ்மஸுக்கு நீங்கள் கூட்டமாக நத்தார் கீதம் பாடப் போனபோது உங்களை ஒரு நாய் துரத்தியதாமே. பாட்டை நிறுத்தினீர்களா, பாடிக்கொண்டே ஓடினீர்களா?”

மயூரதனின் பசுவுக்குக் கீழே: “வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிடப் போய் நீ நித்திரையானது உண்மையா?”

இப்படியே வகுப்பு முழுவதற்கும் கேட்டாள். அம்மாவின் போன் சூடாகிப்போனது.

காலையில் பார்த்தால், அம்மாடி! பசுக்களின் கீழே பதில்கள் வரிசை கட்டி நின்றன. யாருமே பகிடி பண்ணவில்லை. “எங்கள் வீட்டிலும் பசு இல்லை!” என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். பாடிக்கொண்டே ஓடியதாக ஜொனதன் எழுதியிருந்தான். தான் தூங்கியதில் தண்ணீர் எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் பாய்ந்துவிட்டதாகவும், அந்தத் தோட்டக்காரர் நன்றி சொல்லி ஒரு பூசணிக்காய் தந்ததாகவும் மயூரதன் எழுதியிருந்தான்.

“இந்தப் பதில்களையே பதிவாய்ப் போடுங்கோ!” என்று எல்லோரையும் விரட்டினாள் தனுசியா. அவர்கள் போட்டார்கள். வாசித்தவர்கள் மேலும் கேட்டார்கள், இவர்கள் மேலும் எழுதினார்கள். வாரம் போனதே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அதிபர் வந்தார். நொண்டல் இன்னும் போகவில்லை. கதிரையில் உட்கார்ந்து வலைப்பூவைத் திறந்தார்.  தனுசியா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

சேவலை வாசித்தபோது அதிபரின் மீசை லேசாக ஆடியது. நாயை வாசித்தபோது நன்றாக ஆடியது. ஆடு மாப்பிள்ளையின் மாலையைக் கடித்த இடம் வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை!

“கனடாவிலையிருந்தும் ஆரோ எழுதியிருக்கினமே?” என்றார்.

“என்ரை பெரியம்மா சேர்,” என்றான் மயூரதன். “பூசணிக்காயை என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கிறா.”

அதிபர் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தார். “இந்தப் பாடத்திலை இனி ஒருதரும் கை வைக்கேலாது, ரீச்சர். நானும்தான்.”

வகுப்பு துள்ளிக் குதித்தது. ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தனுசியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அதிபர் மட்டும் எழும்பவில்லை. ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பிள்ளைகள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். திரையில் மெல்ல மெல்ல வந்தது:

“எங்கள் வீட்டில் உண்மையாகவே ஒரு பசு நிற்கிறது. அதன் பெயர் இலட்சுமி இல்லை, செவலை. போன கிழமை அது எனக்கு ஓர் உதை தந்தது.”

தனுசியா பக்கத்துக் கணினிக்கு ஓடினாள். அதிபரின் பசுவுக்குக் கீழே கேள்வி வந்து விழுந்தது:

“ஏன் சேர் உதைத்தது? நீங்கள் என்ன செய்தீர்கள்?”

அதிபர் மீசைக்குள் சிரித்தார். கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார்.