நிழலுக்கு வெளியே நின்றவள்

மறையக் கூடாத நட்சத்திரம் மறைந்துவிட்டது.

ஷிகெமி மடிக்கணினியோடு கறுப்புத் துணிக்குள் முடங்கியிருந்தாள். திரை வெளிச்சம் தொலைநோக்கியில் பட்டுவிடாதிருக்க ஒகயாமா வானியல் குழுவினர் எல்லோரும் இப்படித்தான் முக்காடு போட்டுக்கொள்வார்கள். செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் ஒரு பெரிய குறுங்கோள் இன்று மாலை ஒரு நட்சத்திரத்தை மறைத்தபடி கடக்கும். வயலுக்கு வயல் நிற்பவர்கள் நட்சத்திரம் மறைந்த நேரத்தைக் குறித்துச் சேர்த்தால் அந்தப் பாறையின் உருவம் கிடைக்கும். பாறையின் நிழல் தரையில் விழும் பாதைக்கு வெளியேயும் ஒருவர் நின்று, தனக்கு மறையவில்லை என்று சொல்ல வேண்டும். போன வருடம் கண்ணாடியில் படிந்த பனியைப் பாறை என்று அறிவித்ததால், அந்தப் பெருமைமிக்க பதவி ஷிகெமிக்கு. இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் குழுவிலேயே இடமில்லை.

பக்கத்து நட்சத்திரங்களும் அணைந்தன. ஒன்று போனால் பாறை. எல்லாம் போனால் மேகம், அல்லது ஹயசேயின் தொப்பி. அடுத்தவர் தொலைநோக்கியின் வாயைத் தொப்பியால் மூடிவிட்டு இருட்டில் நின்று சிரிப்பது குழுத் தலைவர் ஹயசேயின் ஒரே பொழுதுபோக்கு. மேகம் இல்லையென்று துணிக்குள் வரும்முன் பார்த்திருந்தாள். பனி படியாதிருக்கக் தொலைநோக்கிக் குழாயில் சுற்றிய மின்பட்டையும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் பெர்சிமன் பழத் தோப்புப் பக்கம் சருகு ஒருமுறை நொறுங்கி, யாரோ காலைத் தூக்கிவிட்டு வைக்க யோசிப்பதுபோல் நின்றுபோயிருந்தது. அழுகிய பழ வாசனையோடு, நனைந்த மிருகத்தின் வாசனையும் துணிக்குள் கசிந்தது. ஹயசே குளிக்காமலே வந்திருப்பார்.

செல்போனில் கிசுகிசுத்தாள். "தொப்பிய எடுங்க, ஹயசே-சான். என் மானம் போயிரும்."

"நான் எங்கம்மா அங்க வந்தேன்? எங்க ஊர் ரயில்வே கேட் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் குரலுக்குப் பின்னால் கேட் மணி அடித்தது.

"இதுக்காக மணியக்கூட பதிவு பண்ணி வெச்சீங்களா?"

பதிலை ரயில் சத்தம் விழுங்கியது. பெட்டி பெட்டியாக, நிதானமாகக் கடந்தது. பிறகு அவர் இருமல். பதிவு அல்ல.

துணிக்கு வெளியே கையை மட்டும் நீட்டினாள். குழாய். விளிம்பு. தொப்பி இல்லை. மூடி இல்லை.

உள்ளங்கையில் வெதுவெதுப்பான ஈரக் காற்று மோதியது. நின்றது. மறுபடி மோதியது.

கையை இழுத்துக்கொண்டாள்.

திரையில் நட்சத்திரங்கள் திரும்பி வந்தன. எல்லாம். அப்படியென்றால் அது இப்போது குழாயின் முன்னால் இல்லை.

"ஷிகெமி? உனக்கு மறையலன்னு போட்டுக்கட்டுமா?"

"மறையல," என்றாள் மிக மெல்ல.

அவள் பின்னங்கழுத்துக்கு நேரே கறுப்புத் துணி மெதுவாக உள்ளே உப்பியது. அடங்கியது. உப்பியது.