பத்து நிமிஷம் செல்ஃப் அடித்தவன்

காலை ஒன்பது மணி.

ஒர்க்‌ஷாப்பில் போன் அலறியது!

கை முழுக்க கிரீஸ். மெக்கானிக் இரண்டே விரல்களால் ரிசீவரை எடுத்தான்.

"யோவ்... நேத்து ஒரு பழைய காருக்கு சர்வீஸ் பண்ணுனியா?"

"எந்தக் கார் சார்? எங்கிட்ட வர்றது எல்லாமே பழசுதான்."

"பச்சைக் கார். நாப்பது வயசு. ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரோடது."

"ஆமா சார், நாந்தான். ஏன்... ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகலை. ஹெட்மாஸ்டர் செத்துட்டார். நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். நீ டூல்ஸோட வா... நான் விலங்கோட காத்திருக்கேன்!"

மெக்கானிக் டூல்ஸ் பையைத் தூக்கினான்.

நேற்று சாயங்காலம்தான் ஹெட்மாஸ்டர் அவன் தோளைத் தட்டி, "வண்டி பூ மாதிரி ஓடுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் உயிரை... நானா எடுத்தேன்?

*

மாடியில் உடல். வீட்டுக்குப் பின்னால் ஷெட். ஷெட்டில் கார்.

மெக்கானிக் உள்ளே நுழைவதற்குள் ஹெட்மாஸ்டரின் தம்பி பாய்ந்தான்.

"இவன்தான் சார்! ஏழு மணிக்கு அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஓடி வந்து காரை எடுத்தேன். சாவியைத் திருப்பித் திருப்பி பத்து நிமிஷம் விடாம செல்ஃப் அடிச்சேன். ம்ஹூம்! ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வர்றதுக்குள்ள... எல்லாம் முடிஞ்சு போச்சு!"

இன்ஸ்பெக்டர் வாட்ச்சைப் பார்த்தார்.

"அரை மணி நேரம் தர்றேன். கார் ஏன் கிளம்பலைன்னு கண்டுபிடி. தப்பு உன்னோடதுன்னா, என்கூட வர்றே."

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினான். ஸ்பேனரை எடுத்தான்.

"சாவியைத் திருப்பாம என்னய்யா நோண்டறே?"

"பத்து நிமிஷம் செல்ஃப் அடிச்ச வண்டி சார். அடிக்க அடிக்க உள்ள பெட்ரோல் போயிட்டே இருக்கும். ஆனா எரியாது. அதனால ஸ்பார்க் பிளக் நாலும் நனைஞ்சு ஊறிக் கிடக்கும். முதல்ல தொடைச்சுக் காய வைக்கணும்."

நான்கு பிளக்குகளையும் கழற்றினான். துணியால் துடைத்தான்.

துணியைப் பார்த்தான்.

"என்னய்யா?"

"காஞ்சு கிடக்கு சார்..."

தம்பி சீறினான். "ரெண்டு மணி நேரம் ஆச்சு, காயாம என்ன பண்ணும்? பேச்சை மாத்தாதே!"

மெக்கானிக் பிளக்குகளை மாட்டினான். பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினான்.

டர்ர்ர்ர்ர்ர்...!

இஞ்சின் வேகமாகச் சுற்றியது. ஆனால், பற்றிக்கொள்ளவில்லை.

"பேட்டரி ஜம்முன்னு இருக்கு சார். பெட்ரோல் இருக்கு. மிச்சம் ஒண்ணுதான்... நெருப்புப் பொறி."

ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரோடு இஞ்சின் இரும்பில் சாய்த்து வைத்தான். "இப்ப நீங்க திருப்புங்க சார்."

டர்ர்ர்ர்...!

பொறி வரவில்லை!

பிளக் ஒயர்கள் போய்ச் சேரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தான்... முகம் வெளுத்தது.

"ரோட்டர் இல்ல சார்."

"அப்படின்னா?"

"கட்டை விரல் சைஸுக்கு ஒரு துண்டு. இதுக்குள்ள சுத்திக்கிட்டே நாலு பிளக்குக்கும் முறை வெச்சு கரண்டைக் குடுக்கும். அது இல்லைன்னா வண்டி கிளம்பவே கிளம்பாது."

"பாத்தீங்களா சார்! கழட்டினவன் மாட்ட மறந்துட்டான்!" தம்பி கத்தினான்.

"மாட்டாம எப்படிங்க? நேத்து ஐயா ஓட்டிட்டுதானே வந்தார்!"

"அது நீ சொல்றது!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஐயா... ஒரு நிமிஷம்."

ஷெட் வாசலில் ஹெட்மாஸ்டரின் மனைவி. அழுது வீங்கிய கண்கள். கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு.

"இதுக்குள்ள இருக்கறது... அந்தச் சாமானா பாருங்க."

இன்ஸ்பெக்டர் திறந்தார். உள்ளே ரோட்டர்!

"ஒரு தடவை கார் திருடு போய்த் திரும்பி வந்துச்சு. அதிலேருந்து வண்டியை நிறுத்தினதும் எதையோ கழட்டி எடுத்துட்டு வருவார். காலைல மூச்சு விட முடியாம இந்தக் கூட்டையே நீட்டி நீட்டிக் காட்டினார். கண்ணாடி மூக்குல இருக்கே, கூடு எதுக்குங்கன்னு... வாங்கி ஓரமா வெச்சிட்டேன்யா!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பாக்கெட்டில் போட்டார். "ப்ச்... யார் மேலயும் தப்பில்ல. விதி!"

தம்பி நீளமாக மூச்சு விட்டான்.

"இருங்க சார்." மெக்கானிக் இன்னொரு பிளக்கைக் கழற்றி இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் வைத்தான். "மோந்து பாருங்க."

"உவ்வே... பெட்ரோல்! நனைஞ்சிருக்கே!"

"நாம அடிச்சது அரை நிமிஷம்கூட இல்ல. அதுக்கே இப்படி. பத்து நிமிஷம் அடிச்சா? மூடின இஞ்சினுக்குள்ள ரெண்டு மணி நேரத்துல காயுமா? பேட்டரிதான் இந்த முறுக்கு முறுக்குமா? பத்து நிமிஷத்துல படுத்திருக்கும் சார்!"

மெக்கானிக் தம்பி பக்கம் திரும்பினான்.

"காலைல இந்தக் காருக்கு... யாருமே செல்ஃப் அடிக்கல!"

மனைவி மெதுவாகத் தலை நிமிர்ந்தாள்.

"தம்பி... ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்னு சொன்னேனே. 'கார்லயே போயிடலாம் அண்ணி, இதோ எடுக்கறேன்'னு நீதானே தடுத்தே? இந்த வீட்டுக்கு நீ பண்ணின போலிப் பத்திரத்தைப் பத்தி இன்னிக்கு அவர் போலீஸ்ல புகார் குடுக்கறதா இருந்தாரே... அதுக்குத்தானா?"

"அண்ணி..."

"கீழே பத்து நிமிஷம் என்ன பண்ணுனே?"

தம்பி ஓரடி பின்வாங்கினான்.

"சும்மா... சும்மா சீட்ல உக்காந்திருந்தேன் அண்ணி. அவ்வளவுதான். நான் அவரைத் தொடவே இல்ல!"

 

இன்ஸ்பெக்டர் விலங்கை மறுபடி வெளியே எடுத்தார். இந்த முறை அது சரியான கையில் மாட்டியது.

"அட முட்டாளே! கார் ஓடலைன்னு நீ சொன்ன பொய்... நெஜமாவே உண்மைய்யா! ஒரே ஒரு நிமிஷம் சாவியைத் திருப்பிப் பாத்திருந்தா, உன் மேல ஒரு தூசி ஒட்டியிருக்காது!"

தம்பி திறந்த வாயோடு பச்சைக் காரையே பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? வா... எங்க ஜீப்புல யாரும் சும்மா உக்காந்திருக்க வேண்டாம். ஒரே செல்ஃபுல கிளம்பிடும்!"