உப்பு ஜாஸ்தி

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் ஏரிக்கரை நடைபாதையில் ஈரமாக ஒரு கோடு ஓடியது. யாரோ சோறு வடித்த கஞ்சியைச் சிந்திக்கொண்டே நடந்ததுபோல, சிமென்ட் கற்களின் மேல் பளபளவென்று, நடக்கிற திசையிலேயே போனது.

ஜெயந்திமாலா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். தரையைப் பார்த்து நடப்பது அவளுக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். சமணக் குடும்பம், எறும்பு, புழு எதையும் மிதித்துவிடக் கூடாது. அதனாலேயே இந்த ஏரியின் அசிங்கமெல்லாம் முதலில் அவள் கண்ணில்தான் படும். பௌர்ணமிக்கு மிஞ்சிய அன்னதானச் சாம்பார் சாதத்தை எந்தப் புண்ணியவானோ கரையோரம் கொட்டியிருந்தான். அது ஊறிப் புளித்து, செத்த மீனோடு சேர்ந்து நாறியது. மலையைச் சுற்றிச் சேர்த்த புண்ணியத்தை இங்கே கொண்டுவந்து கரைக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டினாள்.

முன்னால் கணவர் ஜினராஜ் நடந்துகொண்டிருந்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொன்னது இரண்டே விஷயம்: தினமும் நடங்க, உப்பைக் குறைங்க. மற்றவர்கள் வெயில் தாழ்ந்ததும் நடந்துவிட்டு போண்டா சாப்பிடப் போய்விடுவார்கள். இவர்கள் வீட்டில், சமண வழக்கப்படி, பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடே முடிந்தாக வேண்டும். முடித்துவிட்டு வரும்போது கரை காலியாகத்தான் இருக்கும்.

போன வாரம் அவர் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைத்தார். எடுத்தபோது கெண்டைக்காலில் ஓர் அட்டை, கறுப்பாக, விரல் தடிமனில் தொங்கியது. காவலாளி அப்பாதுரை உப்புப் பொட்டலத்தோடு ஓடிவந்தார்.

"காலக் காட்டுங்கய்யா. ரெண்டு கல்லு போட்டா சுருண்டுடும்."

"வேணாம்பா. அதுவும் உயிர்தானே. குடிச்சிட்டுத் தானா விழும்" என்றார் ஜினராஜ்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அப்பாதுரையின் கையைத் தட்டிவிட்டவள் அவள்தான். உப்பு பட்டால் அது நுரை கக்கிச் சாகும். அந்தப் பாவம் நமக்கெதற்கு? வீட்டுக்கு வந்து பார்த்தபோது காலில் அட்டை இல்லை, புண்ணும் இல்லை. அது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு எதை வைத்தாலும் உப்பு ஜாஸ்தி. ரசம் ஜாஸ்தி, மோர் ஜாஸ்தி. உப்பே போடாத கஞ்சியை வைத்தாலும் முகத்தைச் சுளித்துத் தட்டை நகர்த்தினார். குளியலறையில் எந்நேரமும் தண்ணீர் ஓடியது. அவர் போர்த்திய போர்வை காலையில் விரலில் ஒட்டியது. அலசினால் நூல் நூலாக ஏதோ இழுத்துக்கொண்டு வந்தது. வேர்வைதான், இதய நோயாளிக்கு வேர்க்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதரைப் பார்த்து அருவருப்பா என்று வெட்கமாகவும் இருந்தது.

இன்று உள்ளே நுழையும்போது அப்பாதுரை அவளை மட்டும் கேட் அருகே நிறுத்தினார்.

"கோச்சுக்காதீங்கம்மா. ஐயா நடக்கிற எடமெல்லாம் வழவழன்னு இருக்குது. தெனம் நான்தான் கழுவி விடறேன். இத இடுப்புல சொருகிக்குங்க."

அதே உப்புப் பொட்டலம். கோபம் சுருக்கென்று வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

இப்போது மலையின் நிழல் ஏரி முழுக்கப் படர்ந்து, தண்ணீர் எது கரை எது என்று தெரியாமல் போய், ஆகாயத்தாமரை அழுகும் வாடையோடு போர்வையில் வந்த அந்தக் கொழகொழத்த வாடையும் கலந்து மூக்கில் ஏற, முன்னால் சொத் சொத்தென்று கேட்டுக்கொண்டிருந்த அவர் காலடிச் சத்தம் வளைவுக்கு அப்பால் நின்றுபோனது.

வளைவில் அவரைக் காணோம். கோடு மட்டும் போனது. பெஞ்சு வரை.

பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழற்றிவைத்த ஷூக்கள். இரண்டிலும் விளிம்பு வரை சளி.

"ஏங்க... வாங்க, போலாம்."

"இரு ஜெயந்தி. பசிக்குது."

பொழுது சாய்ந்த பிறகு அவர் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

அவர் கை பின்னால் நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஜில்லென்றிருந்தது. அழுத்தினால் எலும்பு தட்டவில்லை. பிடித்த இடத்தில் ஏதோ உறிஞ்சியது. வலியே இல்லை.

பொட்டலத்தை உருவினாள். பல்லால் கிழித்தாள். அவர் திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் வீசினாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தாள். கன்னம் சுருங்கிக்கொண்டிருந்தது. உப்பு விழுந்த இடமெல்லாம் நுரை. மூக்கு உள்ளே போனது. கண்கள் போயின. மடி நிறையச் சளி வழிந்தது. வாய் மட்டும் மிச்சம். வட்டமாக. உள்ளே சுற்றிலும் பல்.

அதிலிருந்து அவர் குரல் வந்தது. அவருடைய அதே சாந்தமான குரல்.

"போதும் ஜெயந்தி. இதுவும் உயிர்தானே."

பொட்டலத்தில் இன்னும் பாதி உப்பு இருந்தது. அவளுக்குக் கை எழவில்லை.

மணிக்கட்டில் அது, அவசரமே இல்லாமல், மறுபடியும் குடிக்கத் தொடங்கியது.