நாலு நல்ல வார்த்தை

செத்துப்போன தையல்காரருக்கு இருமல் நின்றுவிட்டது என்று அவர் மனைவி சொன்னபோது ரேடியோக்காரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. துக்க வீட்டில் சிரித்துத் தொலைக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நிஜமாத்தாம்மா சொல்றேன். வானம் கொஞ்சம் இருட்டினா போதும், மிஷின் ஓட ஆரம்பிச்சிடுது. முன்னயெல்லாம் ரெண்டு தையல் போடறதுக்குள்ள நாலு தடவ இருமுவாரு. இப்ப ஒண்ணுகூட இல்ல. நீங்க ரேடியோவுல சொன்ன மாதிரியே பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தைக்கிறாரு." அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்குப் பாட்டே வராதேம்மா!"

வராதுதான். பாட்டு, ரேடியோக்காரியின் சொந்தச் சரக்கு. அந்த ஊரின் சின்ன வானொலி நிலையத்தில் சாயங்காலம் 'மறைந்தவர் நேரம்' என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. ஊரில் யார் இறந்தாலும் அவர் வாழ்ந்த கதையை அவள்தான் சொல்வாள். இறந்தவர் வீட்டுக்கே போய், அவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்து, வீட்டாரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். கேட்டதையெல்லாம் சொல்லிவிட அவள் என்ன பைத்தியமா? கஞ்சன் சிக்கனக்காரர் ஆவார். குடிகாரனுக்கு நண்பர்கள் அதிகம். வாயாடியோ, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத வெள்ளந்தி. போதாக்குறைக்கு ஆளுக்கொரு அழகான பழக்கத்தையும் தானே சேர்த்துவிடுவாள். "நல்லவனா வாழ முடியலைன்னா பரவாயில்லடா, ரேடியோக்காரி இருக்கும்போதே செத்துடு" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஜன்னலுக்கு வெளியே மழை மேகம் திரண்டு, பட்டப்பகலிலேயே அறை மங்கியது. துணி நெடியும் எந்திர எண்ணெய் நெடியும் ஈரக் காற்றில் கனத்து இறங்கின. மூலையில் பழைய போர்வை போர்த்தி வைத்திருந்த தையல் மிஷினின் அடியிலிருந்து முதலில் ஒரு கிரீச் வந்தது. யாரோ காலை மிதிபலகையில் வைத்து இடம் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு சக்கரம் சுற்றியது. போர்வைக்குள்ளே ஊசி ஏறி இறங்குவது துணியில் புடைத்துத் தெரிந்தது.

"கேக்குதா?" என்றாள் அந்த அம்மாள், சந்தோஷமாக.

கேட்டது. முணுமுணுப்பும் கேட்டது. ஆண் குரல்தான், தையல்காரரின் அதே கரகரப்புத்தான். ஆனால் அதில் ராகமே இல்லை. ஒரே 'ம்ம்ம்' ஏறாமல் இறங்காமல், மூச்சு வாங்காமல் நீண்டுகொண்டே போனது. எந்தப் பாட்டு என்று ரேடியோக்காரி அன்றைக்குச் சொல்லவில்லை. 'ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

அவள் எவ்வளவு சொன்னாளோ அவ்வளவுதான் வந்திருந்தது.

அது உறைத்த கணத்தில் அவளுக்குத் தையல்காரர் மறந்துபோனார். முந்தாநாள் அவள் யாரைப் பற்றிச் சொன்னாள்? அத்தானைப் பற்றி அல்லவா!

"அக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு எழுந்தவள், குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அத்தான் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். கடையில் வாடிக்கைக்காரர்களிடம் தேனாகப் பேசுவார். மாடிப்படி ஏறி வீட்டுக்குள் நுழைந்தால் அந்தத் தேன் எங்கே போகுமோ! அக்காவின் இடது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருப்பதற்கும், அவள் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வதற்கும் காரணம் அவர்தான். போன வாரம் கடையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், அதோடு சரி. ஊரே கூடி அழுதது. அக்கா அழவில்லை.

"உன் புரோகிராம்ல இவர விட்டுடு" என்று அக்கா கேட்டுக்கொண்டாள். "நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். பேரையே எடுக்காத."

ரேடியோக்காரி கேட்கவில்லை. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் நாலு நல்ல வார்த்தை சொன்னவள் சொந்த அத்தானுக்குச் சொல்லாமல் விட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? சொன்னாள். குரல் உயர்த்தியே அறியாதவர் என்றாள். மிருதுவான கைகள் என்றாள். வேலை முடிந்து வந்ததும் மனைவியை முன்னால் உட்கார வைத்து அவள் தலையை வாரிவிடுவார் என்றாள். அக்காவின் முடி அழகு ஊரறிந்தது, அதனால் அது பொருத்தமாக இருந்தது.

கடையின் இரும்புக் கதவு இறக்கியிருந்தது. படியில் ப்ளீச்சிங் பவுடர் நெடி, அதையும் மீறி ஈர இரும்பும் பழங்கொழுப்பும் கலந்த அந்த வாடை. அத்தான் ஏறி வருகிறார் என்பதற்கு முன்பெல்லாம் அந்த வாடைதான் அடையாளம். மூடிக் கிடக்கும் கடையிலிருந்து இவ்வளவு புதிதாக அது எப்படி வரும் என்று யோசிக்க அவளுக்குத் தைரியமில்லை. கதவு சாத்தியிருக்கவில்லை. தள்ளினாள்.

"மெதுவா வா" என்றது அக்காவின் குரல். "அவரு உட்கார்ந்திருக்காரு."

அக்கா தரையில் காலை நீட்டி, அத்தானின் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அவிழ்ந்து கிடந்த அந்த நீண்ட முடிக்குள் சீப்பு ஒன்று உச்சியிலிருந்து நுனிவரை மெல்ல இறங்கியது, எழுந்தது, மறுபடி இறங்கியது. சீப்பைப் பிடித்த கை இல்லை. நாற்காலியின் மெத்தை மட்டும் ஒரு கனமான ஆளின் அளவுக்கு அமுங்கியிருந்தது.

ரேடியோக்காரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா. எந்திரி. போயிடலாம் வா."

"எதுக்கு?"

"அது யாரோட கைன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்!" அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அந்த ஆளு செத்துட்டான்டி. இவரு நீ சொன்னவரு. கத்தறதில்ல, திட்டறதில்ல, வந்து உட்கார்ந்து தலை வாரி விடறாரு. இத்தன வருஷம் கழிச்சு எனக்குன்னு ஒரு புருஷன் வந்திருக்காரு. உன் வாயால வந்தவரு. உன் வாயாலயே கெடுத்துடாத."

அப்போது சீப்பு ஒரு சிக்கில் மாட்டி நின்றது.

அக்காவின் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. கழுத்து உள்ளே ஒடுங்கியது. கோணல் கை தானாக முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு சீப்பு கொஞ்சம் பின்வாங்கி, பொறுமையாக, ஒவ்வொரு இழையாகச் சிக்கை எடுத்தது. அக்காவின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயை மறைக்காமல்.

அந்தச் சிரிப்பை ரேடியோக்காரி பார்க்கவில்லை. காதுவரை ஏறிய தோள்கள்தான் அவள் கண்ணில் நின்றன. விறுவிறுவென்று படியிறங்கினாள்.

வானொலி நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஒயர் அண்ணன். எந்த நேரமும் கழுத்தில் ஒயரை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். இன்னொன்றில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய பெட்டி மாதிரி இடத்தில், அவளும் மைக்கும். கதவைச் சாத்தினால் உலகத்துச் சத்தம் எல்லாம் அறுந்துபோகும்.

"இன்னிக்கு யாரும்மா?" என்றார் ஒயர் அண்ணன்.

"அத்தான்."

"அவரத்தான் முந்தாநாளே சொல்லிட்டீங்களே!"

"தப்பா சொல்லிட்டேன் அண்ணே. சரி பண்ணணும்."

அவள் கணக்கு சுலபமானது. நல்லவன் என்று சொன்னதால் வந்தவன், அது பொய் என்று சொல்லிவிட்டால் போய்விடுவான். சொல்லி வரவழைத்ததைச் சொல்லியே விரட்ட வேண்டியதுதான். அக்கா நாலு நாள் அழுவாள், அழட்டும். செத்தவனுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அழுவது எவ்வளவோ மேல். சிவப்பு விளக்கு எரிந்தது. காதில் மாட்டிய ஹெட்போனில் தன் மூச்சே தனக்குக் கேட்க, அவள் பேச ஆரம்பித்தாள்.

முந்தாநாள் தான் சொன்னது அத்தனையும் பொய் என்றாள். அந்த மனிதன் யாருக்கும் தலை வாரியவன் இல்லை என்றாள். கல்யாணமான புதிதில், சட்டைக்குப் பொத்தான் தைக்க மறந்தாள் என்பதற்காக அக்காவின் இடது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி ஒடித்ததைச் சொன்னாள். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவளின் பிடரியைப் பிடித்து வாசல் நிலையில் மோதியதையும், இரண்டு முன்பற்கள் படியில் உருண்டதையும் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியைச் சொன்னாள், அது பதிந்த இடத்தைச் சொன்னாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தே எட்டி உதைத்ததைச் சொன்னாள். இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்தது எல்லாம் ஒழுங்காக, தெளிவாக, நேரில் பார்ப்பதுபோல வந்தது. அதில் அவள் கெட்டிக்காரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒயர் அண்ணன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்புறம் ஒருநாள், கடையில தீட்டி வச்சிருந்த கத்திய எடுத்துக்கிட்டு மேல வந்து..."

ஒயர் அண்ணன் கையை ஆட்டினார். 'உங்க அக்கா' என்று வாயசைத்தார். தொலைபேசியை அவள் ஹெட்போனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சியை நிறுத்தி ஏதோ ஒரு வாத்திய இசையைப் போட்டார்.

"நிறுத்துடி!" அக்காவின் குரல் மூச்சிரைக்க வந்தது. "நிறுத்து... கேட்டுக்கிட்டே இருக்கான்..."

"அக்கா?"

"நீ சொல்றத... ஒவ்வொண்ணா..."

போனில், அக்கா குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். இறைச்சிக்கடையில் வளர்ந்த காது அவளுடையது இல்லை என்றாலும், எலும்பு முறிகிற சத்தத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு எதுவோ கனமாக மோதியது. பிறகு இன்னொரு தரம். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் தரையில் உரசியது. அக்கா அலறவில்லை. அலற மூச்சில்லை. ஒரு உதை. அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது.

ஓடினாள். மழை. செருப்பில்லை. ஈரத்தெருவில் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள். வாசல்தோறும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். "இப்படிப் பேச ஒரு நெஞ்சுரம் வேணும் தாயி!" என்றாள். அந்தக் கையை உதறிவிட்டு ஓடினாள்.

படியில் வாடை இல்லை. அறையில் நாற்காலி கவிழ்ந்திருந்தது. மெத்தை உப்பியிருந்தது. சீப்பு இரண்டாக ஒடிந்து கிடந்தது. வாசல் நிலையில் இரத்தம் முகத்தின் உயரத்தில் அப்பியிருந்தது. கீழே வெள்ளையாக ஏதோ சிதறியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, மிதித்துவிடாமல் தாண்டினாள். சுவரோரம் அக்கா சுருண்டு கிடந்தாள். சேலை கருகிய நாற்றம். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. இருந்தது!

அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று ரேடியோக்காரி அழுதாள். "தெரியாம பண்ணிட்டேன் அக்கா. போயிட்டானா? அவன் போயிட்டானா?"

அக்கா உதட்டை அசைத்தாள்.

"ரெண்டு பேரும் போயிட்டாங்க."

அது உண்மை என்று ரேடியோக்காரிக்கும் தோன்றியது. சொன்னதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கத்தியை எடுத்து வந்தான் என்பதோடு நின்றுவிட்டது, அதன் பிறகு நடந்ததை அவள் சொல்லவில்லை. அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அதை அவளால் தோலில் உணர முடிந்தது. ஆம்புலன்ஸை அழைக்கலாம் என்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எடுக்கும்போதே அது அடித்தது. ஒயர் அண்ணன்.

"அம்மா, அக்கா நல்லா இருக்காங்களா? நான் ஸ்டேஷனப் பூட்டிட்டு அங்கதான் வந்துக்கிட்டிருக்கேன், பாதி வழில இருக்கேன்." பின்னால் மழைச் சத்தம் கேட்டது. "இங்க போன் நிக்கவே இல்லம்மா. பொம்பளைங்க எல்லாம் அழுதுக்கிட்டே கேக்கறாங்க, கேக்காதவங்களும் கேக்கணுமாம். அதான், இந்த இசை முடிஞ்சதும் நீங்க பேசினது திரும்பத் திரும்ப ஓடற மாதிரி போட்டு விட்டுட்டு வந்தேன். ராத்திரி முழுக்க ஓடட்டும், ஊருக்கே தெரியட்டும்."

ஜன்னலுக்கு வெளியே, தெரு ரேடியோக்களில் ஓடிக்கொண்டிருந்த வாத்திய இசை நின்றது. எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், கீழே டீக்கடையில், தெரு நெடுக, ஒரே நேரத்தில் ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள். நிதானமான, தெளிவான குரல். அவளுடைய குரல்.

படியில் அந்த வாடை ஏறி வந்தது.

அக்கா மடியிலிருந்து விலகி எழுந்து உட்கார்ந்தாள். தங்கையின் முகத்தையே பார்த்தபடி, முறிந்து தொங்கிய இடது கையை வலது கையால் தூக்கி, திருடிய பண்டத்தைக் குழந்தை மறைப்பதுபோல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தலையை வேண்டாம் என்று ஆட்டினாள்.

தெருவில் அந்தக் குரல், 'கல்யாணமான புதிதில்' என்றது.

முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த முறிந்த கை, கண்ணுக்குத் தெரியாத யாரோ பற்றி இழுப்பதுபோல, மெல்ல, மிக மெல்ல, வெளியே நீண்டு வந்தது.