இன்று வீட்டில்

முதலில் நின்றது சமையலறைக் குழாயின் சத்தமா, மகளின் பாட்டுச் சத்தமா என்று கேட்டால் அவளால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. யோசிக்க யோசிக்க வரிசை மாறிப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், மழைக்கு முன் வரும் இருட்டு. இவ்வளவுதான் மாறாமல் நிற்கிறது. அப்புறம் அந்த எரிச்சல். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

காலையிலேயே அக்கா போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, உனக்கு மெயில் அனுப்பினா இடம் இல்லைன்னு திரும்பி வருது. என்னடி, குப்பைத்தொட்டியா வச்சிருக்கே அதை?"

குப்பைத்தொட்டியேதான். கல்யாணமான புதிதில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெயில் முகவரி போதும் என்று அவளும் கணவனும் முடிவு செய்திருந்தார்கள். அப்போது அது அன்யோன்யமாகத் தெரிந்தது. செருப்பு வாங்கினாலும் முடி வெட்டிக்கொண்டாலும் அவன் அந்த முகவரியைக் கொடுத்தான். மெத்தைக் கடை, மூச்சுப் பயிற்சி, பழைய நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் என்று அவன் ஒருமுறை எட்டிப்பார்த்த இடமெல்லாம் அதன்பிறகு தினமும் வந்து கதவைத் தட்டியது.

அவளுக்கோ வேலையே பிறர் பேச்சைக் கேட்பதுதான். குளிர்சாதனப் பெட்டி விற்கும் நிறுவனத்தில் புகார் போன்களை எடுப்பவள். ஐஸ் கட்டவில்லை, கதவு மூடவில்லை, பால் கெட்டுப்போச்சு என்று முகம் தெரியாதவர்களின் கோபத்தையெல்லாம் வாரம் முழுக்கக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், இங்கே மகள் ஒன்று சொல்வாள், கணவன் ஒன்று சொல்வான், குழாய் சொட்டும். யாரும் எதுவும் சொல்லாத ஒரே ஒரு பகல். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, பழைய மெயில்களை அழித்து, இனி அனுப்ப வேண்டாம் என்று ஒவ்வொன்றிலிருந்தாக விலகத் தொடங்கினாள். உள்ளே வருவதற்குப் பலகைபோல் பொத்தான் வைத்திருந்தவர்கள், வெளியே போகும் வழியை எறும்பு எழுத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில், கடைசி வரிக்கும் கீழே ஒளித்திருந்தார்கள். மெத்தைக் கடை அழும் நாய்க்குட்டியின் படத்தைக் காட்டியது. மூச்சுப் பயிற்சிக்காரர்கள் விலகுவதற்கே கடவுச்சொல் கேட்டார்கள். நாணயச் சங்கம், இதற்குச் சில வேலை நாட்கள் ஆகும் என்றது. அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

"அம்மா, இங்க வாயேன். ஒண்ணு காட்டணும்," என்றாள், தன் அறையில் பாடிக்கொண்டிருந்த மகள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

"இதை முடிச்சிட்டு வரேன்."

"எப்பப் பாரு இதையே சொல்லு!"

அவள் அடுத்த மெயிலுக்குப் போனாள். அதில் படம் இல்லை, தள்ளுபடி இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. 'இன்று வீட்டில்' என்று தலைப்பு மட்டும். அதே தலைப்பில் வருடக்கணக்காக வந்து குவிந்திருந்தன. அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எல்லாமே ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தன.

பழையது ஒன்றைத் திறந்தாள்.

'குழாய் சொட்டுகிறது. வாண்டு தூக்கத்தில் சிரித்தாள். அம்மா தாமதமாக வந்தாள். யாரோடும் பேசவில்லை.'

"ஏங்க," என்று கத்தினாள். "இந்த 'இன்று வீட்டில்'ங்கறது என்ன கண்றாவி?"

கணவன் படுக்கையறையில் அலமாரிக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான். "எது? ஓ, அதுவா. நீதானே எழுதுற."

"நானா?"

"பின்ன? ஆபீஸ்ல சாப்பிடறப்ப தினமும் படிக்கிறேன். நேர்லதான் வாயத் திறக்க மாட்டேங்கறே, எழுதியாவது சொல்றியேன்னு நினைச்சேன்."

"விளையாடாதீங்க. கேமரா, ஆப்புன்னு எதையாவது மாட்டி வச்சிருப்பீங்க. அது அனுப்புது."

"சத்தியமா இல்ல." ஸ்குரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. பிறகு, தணிந்த குரலில்: "அப்ப நீ இல்லையா?"

அவளுக்கு அதை நம்பத் தோன்றவில்லை. இந்த மாதிரி வேடிக்கைக்கெல்லாம் அவன் பேர்போனவன். பின்கழுத்தில் மட்டும் யாரோ ஈரத்துணியை வைத்ததுபோல ஒரு குளிர். அப்போது திரையின் மேலே புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

'வாண்டு காகிதம் வெட்டுகிறாள். அப்பா பயந்திருக்கிறார். அம்மா எங்களை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.'

கீழே, எந்த ஒளிவுமறைவும் இல்லாமல், பெரிய எழுத்தில் இருந்தது: விலக.

அழுத்தினாள். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டு மூன்று பதில்களைக் காட்டியது. அடிக்கடி வருகிறது. நான் கேட்கவில்லை. பயனில்லை. மூன்றாவதை, மேசை ஆடும்படி அழுத்தினாள்.

'இனி வீட்டுச் செய்தி எதுவும் உங்களுக்கு வந்து சேராது. உடனே நடைமுறைக்கு வருகிறது.'

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். நல்ல அமைதி. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போவதும், எதிர்வீட்டுத் தகரக் கூரையில் மழையின் முதல் துளிகள் விழுவதும், யாரோ காய்ந்த துணிகளை எடுக்க மாடிப்படியில் தடதடவென்று ஓடுவதும் துல்லியமாகக் கேட்டன. கண்ணை மூடி எவ்வளவு நேரம் அதை அனுபவித்தாளோ தெரியாது. திறந்தபோது சமையலறைக் குழாயைப் பார்த்தாள். துளி திரண்டது. நீண்டது. நிரம்பிய பாத்திரத்தில் விழுந்து வளையமிட்டது.

சத்தம் இல்லை.

மேசையைத் தட்டிப் பார்த்தாள். அது கேட்டது. மழை கேட்டது. வீடு கேட்கவில்லை.

படுக்கையறை வாசலில் கணவன் நின்றிருந்தான். வாய் அசைந்தது.

"என்ன? சத்தமா சொல்லுங்க."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தான் பார்ப்பது அவனுக்குப் பின்னாலிருந்த சுவர் என்று தெரிந்தது. சுவரில் ஆணி. ஆணியின் நிழல். நடுவில் யாரும் இல்லை.

"வாண்டு!"

ஓடினாள். அறை நிறையக் காகிதத் துணுக்குகள். மேசையில் விரித்த கத்தரிக்கோல். மகளின் ஷாம்பு வாசனை எப்போதும் தங்கியிருக்கும் அந்த அறையில் ஒரு வாசனையும் இல்லை. நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. தரையிலிருந்த துணுக்குகள், யாரோ மிதித்து வருவதுபோல், அவளை நோக்கி வரிசையாக நசுங்கின. அந்தத் தடம் அவள் காலடியில் வந்து நின்றது. கையை நீட்டினாள். காற்று.

திரும்பி ஓடினாள். லேப்டாப். அதே பக்கம். 'மீண்டும் சேர.' அழுத்தினாள். 'உறுதிசெய்ய உங்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறோம். அதற்கு ஒருமுறை மட்டுமே பதில் சொல்ல முடியும்.'

இன்பாக்ஸ். படிக்காதது: ஒன்று. ஆனால் பட்டியலில் அது இல்லை; அதுவும் வீட்டுச் செய்திதானே. மேலே தேடினாள். கீழே தேடினாள். இல்லை. அவள் கண்முன் அந்த ஒன்று பூஜ்யமானது.

இதே முகவரி அவன் போனிலும் இருக்கிறது. அவன் திறந்துவிட்டான்.

"அழுத்துங்க," என்றாள் சுவரிடம். "ஏங்க, எனக்கு வேணும்னு சொல்லி அழுத்துங்க." அவன் என்ன பதில் கொடுத்தான் என்பது அவளுக்கு வந்து சேரவில்லை.

இது நடந்து ரொம்ப நாளாகிறது. அவள் அதே வேலையில்தான் இருக்கிறாள். புகார்கள் எல்லாம் தெளிவாகக் கேட்கின்றன. அக்கா போன் செய்கிறாள். வீட்டிலிருப்பவர்களைப் பற்றிப் பேச்சை எடுத்தால் நடுவில் வெறும் மௌனம், அது முடிந்து, "அதனாலதான் சொல்றேன், கேட்டியாடி?" என்று குரல் திரும்ப வருகிறது. கணவன் அங்கேதான் வசிக்கிறான். அலமாரிக் கதவு மாட்டப்பட்டிருக்கிறது, அவள் மூடி வைக்கும் சாப்பாடு தீர்ந்துபோகிறது. வாண்டுவும் அங்கேதான் வளர்கிறாள்; வாசலில் கிடக்கும் சின்னச் செருப்பு அளவு மாறியிருக்கிறது.

இன்றும் வேலை முடிந்து வந்து அவள் தனியாக மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய இடது மணிக்கட்டுக்கு மேலே, தோல் தானாகக் குழிந்து, நான்கு விரல்களின் தடம் விழுகிறது. வலிக்கவில்லை. அவள் பார்க்கப் பார்க்க, அது இன்னும் இறுகுகிறது.