சேகண்டியில் அறுத்த சாடில்கள்

கரண்ட் போயிருந்தது, வயரும் செருகவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த மின்கிதார் தானாக ஒருமுறை ஒலித்தது. மகள் லோஜினிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த யோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். கனத்த கம்பி இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தான். லயத்து வீட்டின் ஒரே சன்னலோ சாத்தியிருந்தது. வெளியே மாலைப் பனி தேயிலை மேட்டிலிருந்து இறங்கி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையை மூடி, விறகுப் புகையோடும் ஈர மண் வாசனையோடும் கதவிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. மனைவி மீனம்மா கொழுந்து நிறுக்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

நோர்வூட் டவுனில் ரேடியோ திருத்தும் அவனிடம் தோட்டத்து இசைக்குழுப் பையன்கள் கொடுத்த கிதார் அது. கம்பிகள் ஏறி உட்காரும் சாடில்கள் ஆறும் துருப்பிடித்து, கம்பி பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்து கிடந்தன. கொழும்பிலிருந்து வரவழைத்தவை பார்வைக்கு அச்சு அசல் அதேதான். பொருத்தினால் ஓரக் கம்பிகள் கழுத்தை விட்டு வெளியே போயின, திருகாணியும் பிடிக்கவில்லை. பழையதை மாதிரி வைத்து நானே அறுக்கிறேன் என்று வீம்புக்கு நின்றான். அதற்குத் தடித்த வெண்கலம் வேண்டும். அது கிடைத்த இடம்தான் பிசகு.

சாவு ஊர்வலத்துக்கு முன்னால் தட்டிப் போகிற வெண்கலத் தட்டான சேகண்டி, தட்டும்போதே விரிசல் விட்டால் அந்தப் பிணத்தோடு சேர்த்துப் புதைத்துவிடுவது அவர்கள் தோட்டத்து வழக்கம். அப்படிப் புதைத்த ஒன்று, மழைக்கு மயானத்து மண் சரிந்ததில் வெளியே தெரிந்தது. அவன் குனிந்து எடுத்தபோது, சேகண்டி தட்டும் அழகுமுத்து ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வேணாந்தம்பி, மண்ணுக்குக் குடுத்தத வீட்டுக்குக் கொண்டு போகாத. அது இன்னொரு ஆளக் கேக்கும்."

"வெண்கலம் வெண்கலந்தாண்ணே. அது என்னத்தக் கேக்கப் போவுது?" என்று சிரித்தான்.

நேற்று அந்தச் சேகண்டியை அறுத்து, அரம் போட்டுச் சாடில்களாக்கிப் பொருத்தினான். நேற்றே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது.

கிதார் மறுபடி ஒலித்தது. ஒரு அடி. நீண்ட நிறுத்தம். மறுபடி ஒரு அடி. அந்த இடைவெளி அவனுக்குத் தெரியும். அப்பாவின் சாவு ஊர்வலத்தில் சேகண்டியின் அந்த அடியைக் கேட்டபடியே மயானம் வரை நடந்திருக்கிறான்.

ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். நேற்று அவன் கையாலேயே இறுக்கிய திருகாணிகள் இன்று அசையவே இல்லை. கம்பி வெட்டும் குறடால் கம்பிகளைக் கத்தரித்தான். ஒவ்வொன்றும் சுருண்டு அவன் கையைக் கீறியது.

இனி எது ஒலிக்கும்?

ஒலித்தது. கம்பியே இல்லாமல், வெறும் சாடிலில் இருந்து.

"அப்பா, வெளிய யாரோ வந்திருக்காங்க," என்றாள் லோஜினி.

"யாரும் இல்லம்மா. நீ படு."

தூக்கி ஆற்றில் எறிந்துவிடலாம் என்று கிதாரோடு கதவைத் திறந்தான். வாசலில் பனி. பனிக்குள் ஆட்கள். வரிசையாக, சத்தமில்லாமல், தலை கவிழ்ந்து நின்றார்கள். அவர்கள் காலெல்லாம் செம்மண்.

கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கதவைச் சாத்த நினைத்தான். கை எழவில்லை. கிதார் மட்டும் அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஒலித்தது. அடி. நிறுத்தம். அடி.

பாடை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினான். பாடை இல்லை. ஒரு கணம் நிம்மதி வந்தது. அப்புறம்தான் உறைத்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடை கட்டுவதில்லை. கையிலேயே ஏந்திக்கொண்டு போவார்கள்.

முன்னால் நின்ற உருவம் படியேறி உள்ளே வந்தது. அவன் தோளை உரசிக்கொண்டு போனது. நீட்டியிருந்த அதன் இரு கைகளிலும் வெள்ளைத் துணி விரித்திருந்தது.

சாமி, என்னை எடுத்துக்கொள். என்னை. மனதுக்குள் கதறினான். அது திரும்பவில்லை.

கட்டிலில் லோஜினி எழுந்து உட்கார்ந்தாள். வந்ததைப் பார்த்துச் சிரித்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.