புரானின் கண்ணாடிக் குழாய்

நான்கு வருஷம் போர்முனையில் கிடந்துவிட்டு, பெட்ரோகிராடின் அந்தப் பழைய ஆய்வுக்கூடத்துக்கு சகார் திரும்பியபோது நண்பகல். வாசலிலேயே அந்த வாடை: கார்பாலிக் மருந்து, ஈர வைக்கோல், நாய். அவன் வேலை கேட்டு வரவில்லை. புரானைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

புரான் டாக்டர்களின் நாய்தான். ஆனால் அதற்கு இறைச்சித் தூள் வைத்ததும் பீ அள்ளியதும் சகார். டிக்டிக் என்று அடிக்கும் தாளக்கருவியை ஆடவிட்டு, அப்புறம் சோறு வைப்பார்கள். சில நாளில் டிக்டிக் கேட்டாலே எச்சில் ஊறும், கன்னத்தில் அறுத்து வைத்த ஓட்டை வழியே கண்ணாடிக் குழாயில் சொட்டும், டாக்டர்கள் எண்ணுவார்கள். புரானுக்கோ அதற்கு முன்பே, சகாரின் லாடம் அடித்த பூட்ஸ் சத்தத்துக்கே ஊறிவிடும். அதனால்தான் தாழ்வாரத்தில் எல்லோரும் கம்பளிப் பூட்ஸ் மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

"வாடா பொணமே! உன்னைப் புதைச்சாச்சுன்னு சொன்னாங்களே?" கூட வேலை பார்த்த மித்ரோஃபான் கட்டிக்கொண்டான். சகார் போகும்போது நாயையும் பழைய பூட்ஸையும் ஒப்படைத்தது இவனிடம்தான்.

"தோண்டினாங்க. மண்ணு உறைஞ்சு கெடந்துச்சு, விட்டுட்டாங்க. புரான் எங்கடா?"

மித்ரோஃபான் சிரிப்பை நிறுத்தினான்.

"பஞ்சத்துல போயிருச்சுடா. என் மடியிலதான் உயிரு போச்சு."

 அது நின்ற இடத்தையாவது பார்க்க வேண்டும் என்றான் சகார்.

வாசலில் லாடம் அடித்த பட்டாளத்துப் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பளிப் பூட்ஸ் மாட்டிக்கொண்டான். ஏழாம் அறைக்கு இரட்டைக் கதவு. வெளிச்சத்தம் நுழையாமலிருக்கச் சுவருக்குள் மண் அடைத்திருந்தது. உள்ளே போனால் காது அடைத்துப்போகும். மர மேடை, தோல் வார்கள், தொங்கும் வறண்ட கண்ணாடிக் குழாய். அன்று மாலை புது நாய் வருகிறதாம்.

"கருவி ஓடுதான்னு பாக்கணும். நீ முடுக்கேன். எனக்கு அது ஆகாது" என்றான் மித்ரோஃபான்.

சகார் முடுக்கினான்.

டிக். டிக். டிக்.

மித்ரோஃபானின் தாடி ஈரமானது. சட்டென்று கையால் வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் எச்சில் வழிந்தது.

பத்து வருஷம் நாய் வாயையே பார்த்தவனுக்கு அது போதும்.

"இந்தச் சத்தத்தோட சேத்து என்னடா தின்ன?"

"பசிடா... உனக்குத் தெரியாது அந்தக் குளிரு."

"என்ன தின்ன?"

"சோறு நின்னு மாசமாச்சு. என்னைக் கண்டாலே தரைக்கடியில பொந்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். டிக்டிக் வச்சுப் பாத்தேன், வரல. வெறும் சத்தம்னு அதுக்கும் தெரிஞ்சு போச்சு." குரல் இறங்கியது. "உன் பூட்ஸைப் போட்டுக்கிட்டு நடந்தேன். ஓடி வந்துச்சுடா. வாலை ஆட்டிக்கிட்டு, தானா மேடைல ஏறி நின்னுச்சு."

டிக். டிக்.

"கறி வேகுற வரைக்கும், திங்கிற வரைக்கும் இது ஓடிக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தத் தோணல. அப்புறம் இந்தப் பழக்கம் போகட்டும்னு வெறும் வயித்தோட தெனம் ஓடவிட்டுப் பாத்தேன். வாய் வறண்டு போகும். ஒரு வாரம் விட்டா மறுபடி ஊறுது."

சகார் கருவியை நிறுத்தினான். அடிக்கக் கை எழவில்லை. புரான் கடைசியாக நம்பி ஓடி வந்தது மித்ரோஃபானிடம் இல்லை. தன்னிடம்.

வெளியே வந்து கம்பளிப் பூட்ஸைக் கழற்றி வீசினான். லாடம் அடித்த பூட்ஸை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் விறுவிறுவென்று நடந்தான். டக். டக். சட்டம் போகட்டும்.

பின்னால், திறந்து கிடந்த அறைக்குள், ஏதோ சொட்டியது.

நின்றான். அதுவும் நின்றது.

ஓர் அடி வைத்தான்.

சொட்டு.

"நடக்காதடா," உள்ளேயிருந்து மித்ரோஃபான் கிசுகிசுத்தான். "கும்பிடறேன், நடக்காத."

சகார் திரும்பி வந்தான். ஒவ்வோர் அடிக்கும் கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு. மேடையில் யாருமில்லை. தோல் வார்கள் மட்டும் எதையோ தாங்கி இறுகியிருந்தன. குழாயைத் தொட்டான்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சட்டைப்பையைத் துழாவினான். ஒரு ரொட்டித் துணுக்குகூட இல்லை. வெறுங்கையோடு, காலை அசைக்காமல் நின்றான்.

குழாயில் அடுத்த சொட்டு விழுந்தது.